கேள்வி எண் 289

1906ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் குத்தி என்ற சிற்றூரிலிருந்து டெபுடி கலெக்டர் ஒருவர் கணித நாட்டமுள்ள நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் பெயர் வி. ராமசாமி ஐயர். பகலெல்லாம் நிலவரி, பட்டா, ஜமாபந்தி என்று கழியும் உத்தியோகம். ஆனால் மனம் வடிவியலில். அவருக்கு இருந்த குறை எளியது. ஐரோப்பாவில் வெளியாகும் கணித இதழ்களும் புதிய நூல்களும் இங்கே கண்ணில் படுவதே இல்லை. தனியொருவர் சம்பளத்தில் அவற்றை வரவழைக்கவும் முடியாது. பத்துப் பேர் சேர்ந்து சந்தா போட்டால் இதழ்களை வாங்கலாம், ஒருவர் படித்ததும் அடுத்தவருக்குத் தபாலில் அனுப்பலாம். இவ்வளவுதான் யோசனை. 1907 ஏப்ரலில் இருபது பேரைக் கொண்டு 'அனாலிட்டிக் கிளப்' தொடங்கியது. சீக்கிரமே அது இந்தியக் கணித கிளப் ஆயிற்று. 1910இல் இந்தியக் கணிதச் சங்கம் என்று பெயர் மாறி இன்றுவரை நீடிக்கிறது. நூலகத்தைப் புனேயின் பெர்குசன் கல்லூரியில் வைத்தார்கள். உறுப்பினர்களோ ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். முதல் மாநாடு சென்னையில் கூடியது 1916இல்தான். ஒன்பது ஆண்டுகள் அந்தச் சங்கத்தைத் தாங்கியது தபால் பைதான்.

கல்லூரிகளில் கணித மன்றம் என்பதை நாம் ஓர் ஒட்டாகவே பார்த்துப் பழகிவிட்டோம். முதலில் துறை, அப்புறம் பாடத்திட்டம், பிறகு ஆராய்ச்சி, எல்லாம் போக நேரம் மிஞ்சினால் மன்றம். ஆண்டுக்கு ஒரு தொடக்க விழா, ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பொன்னாடை, நன்றியுரை. டிசம்பர் 22 வந்தால் ராமானுஜன் படத்துக்கு மாலை. ஆனால் சென்னை மாகாணத்தில் நவீனக் கணிதம் வந்த வழியைப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் முதல் அரை நூற்றாண்டும் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அலுவலகமாகவே இருந்தது. தானே பாடம் சொல்லவும் ஆய்வை வளர்க்கவும் 1904ஆம் ஆண்டுச் சட்டம்தான் இடம் கொடுத்தது. பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு கணிதத் துறை அமைந்து ஆர். வைத்தியநாதசுவாமி போன்றவர்கள் அங்கே பணியாற்றத் தொடங்கியது 1920களின் பிற்பாதியில். அதாவது மன்றம் வந்து இருபது ஆண்டு கழித்தே துறை வந்தது. மன்றம் முந்தியது என்பதோடு என் வாதம் முடியவில்லை. அந்த மன்றத்துக்குள்ளும் உயிர் இருந்த இடம் சொற்பொழிவு மேடையில்லை. விடை தெரியாத கேள்வியை ஊரறியப் போட்டு வைத்த ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

மன்றம் முந்திக்கொள்வது சென்னைக்கு மட்டும் உரிய விசித்திரமும் அன்று. 1812இல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் என்ற இளநிலை மாணவர்கள் 'அனாலிட்டிகல் சொசைட்டி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நியூட்டனின் பெயரைச் சொல்லிக்கொண்டு இங்கிலாந்து நுண்கணிதத்தில் பழைய புள்ளிக் குறியீட்டையே கட்டிக்கொண்டு அழுகிறது, ஐரோப்பாவோ லைப்னிட்ஸின் குறியீட்டில் எங்கேயோ போய்விட்டது என்பது அவர்கள் ஆதங்கம். மன்றம் சில ஆண்டுகளே நீடித்தது. ஆனால் 1817இல் பீகாக் தேர்வு நடத்துபவர்களில் ஒருவரானதும் புதிய குறியீட்டை வினாத்தாளிலேயே நுழைத்துவிட்டார். வினாத்தாள் மாறினால் பாடம் தானாக மாறும் என்பது அந்த முன்னாள் மாணவருக்குத் தெரிந்திருந்தது. 1861இல் பெர்லினில் கும்மரும் வயர்ஸ்ட்ராஸும் பல்கலைக்கழகத்தின் கணிதக் கருத்தரங்கைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மாணவர்கள் தங்களுக்கென்று தனியே ஒரு கணிதச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் முடிவிலியை எண்ணிக் காட்டிய கியார்க் காண்டோர் 1864-65இல் அதன் தலைவர். பேராசிரியர் நடத்தும் கருத்தரங்கில் தயாரித்த முகத்தோடு உட்கார வேண்டும். தோழர்கள் நடுவே, எனக்கு இது புரியவில்லை என்று சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயலாகவே இருக்கட்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நடை போடுவது கடினம் என்றே எனக்குப் படுகிறது.

ராமசாமி ஐயர் தன் கிளப்புக்கு முதலில் வைத்த பெயர் கேம்பிரிட்ஜ் மாணவர்களை நினைவூட்டினாலும், கேள்விப் பக்கம் வந்த வழி வேறு. லண்டனிலிருந்து 'எஜுகேஷனல் டைம்ஸ்' என்ற ஓர் இதழ் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர்களுக்கான பத்திரிகைதான்; ஆனால் அதன் கணிதப் பகுதியில் யாரும் கேள்வி அனுப்பலாம், யாரும் விடை அனுப்பலாம், இரண்டும் அனுப்பியவர் பெயரோடு அச்சாகும். ராமசாமி ஐயர் இளம் வயதிலேயே அதற்கு எழுதிப் போட்டார். எழுத்தைப் பார்த்து இவர் ஒரு பேராசிரியராகத்தான் இருப்பார் என்று லண்டன்காரர்கள் முடிவு கட்டிப் பெயருக்கு முன் 'புரொபசர்' போட, நண்பர்கள் வாயில் அது வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. வேடிக்கைக் கதைதான். ஆனால் அந்தப் பக்கத்தின் இயல்பை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. பட்டம், பதவி, நிறம், ஊர் எதையும் அது கேட்பதில்லை. விடை சரியா என்று மட்டும் பார்க்கும். 1909இல் சங்கம் தனக்கென்று ஓர் இதழைத் தொடங்கியபோது, பெங்களூரிலிருந்து எம்.டி. நாராயணய்யங்கார் அதன் ஆசிரியரானார். கட்டுரைகளோடு கேள்வி-விடைப் பகுதியும் அதில் இடம்பிடித்தது. கேள்விகளுக்குத் தொடர் எண் கொடுத்தார்கள். யார் கேட்டது, யார் தீர்த்தது, எது தீராமல் கிடக்கிறது என்று எல்லாம் வெளிப்படை.

அந்த வரிசையில் 289 என்ற எண்ணுள்ள கேள்வி 1911இல் வெளியானது. கேட்டவர் எஸ். ராமானுஜன். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவில்லாமல் உள்ளே உள்ளே போகும் வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன? மாதங்கள் போயின; யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் கேட்டவரே சொன்னார்: 3. வழி பள்ளிப் பிள்ளைக்கும் பிடிபடும். 3-இன் வர்க்கம் 9. அதை 1 + 2×4 என்று எழுதலாம். ஆகவே 3 என்பது √(1 + 2×4). உள்ளே இருக்கும் 4-ஐ எடுத்துக்கொண்டால் அதன் வர்க்கம் 16, அதாவது 1 + 3×5. ஆகவே 4 என்பது √(1 + 3×5). 5 என்பது √(1 + 4×6). இப்படி ஒவ்வொரு படியிலும் வாலில் தொங்கும் எண்ணைப் பிரித்துப் பிரித்து உள்ளே தள்ளிக்கொண்டே போனால் கேள்வியில் இருக்கும் கோவை வந்து நிற்கிறது. வெங்காயத்தை உரிப்பது போலத் தோன்றும். உண்மையில் நடப்பது வெங்காயத்துக்குத் தோல் தோலாகப் போர்த்துவது.

ஆனால் உரித்துப் பார்க்கும் ஒருவர் இங்கே கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். இதே வித்தையை 3-க்குப் பதில் 4-இல் தொடங்கினால் என்ன? 4-இன் வர்க்கம் 16. அது 1 + 2×7.5. 7.5-இன் வர்க்கம் 56.25, அதையும் 1 + 3×(ஏதோ ஒரு பின்னம்) என்று எழுதிவிடலாம். பின்னங்கள் அசிங்கமாக வரும், அவ்வளவுதான்; போர்த்திக்கொண்டே போகத் தடையில்லை. அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமா? சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்கு, வாலில் விடுபட்டுப் போகும் பகுதி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். ராமானுஜனின் அச்சான விடை அந்த இடத்தில் நிற்கவில்லை, தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட மூலத்தொடர் எப்போது ஒரு மதிப்பில் போய் நிற்கும், எப்போது நிற்காது என்ற அளவுகோலைக் கொடுத்தவர் டி. விஜயராகவன். ஆக்ஸ்போர்டில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியிடம் பயின்ற தமிழர். ஹார்டியும் பி.வி. சேஷு ஐயரும் வில்சனும் 1927இல் பதிப்பித்த ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பில், பின்னிணைப்புக் குறிப்பாக அது இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணிதக் கழகத்தை நிறுவியபோது அதன் முதல் இயக்குநராக வந்தவரும் இந்த விஜயராகவன்தான். ஒரு கேள்வி, அதற்கு மௌனம், பிறகு ஓட்டையுள்ள ஒரு விடை, பதினைந்தாண்டு கழித்து வேறொருவர் வந்து ஓட்டையை அடைத்தது: கருத்தரங்கு என்பதற்கு இதைவிடச் சரியான மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஒரே அறையில், ஒரே மாலையில் நடக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் எழும். ராமானுஜனைக் காட்டி எதையும் நிறுவிவிடலாம். அவர் எந்தச் சங்கமும் இல்லாமலே ஹார்டிக்குக் கடிதம் எழுதி மேலே வந்திருப்பார் என்பார்கள். தேதிகளை வரிசையில் வைத்துப் பார்ப்போம். எப்.ஏ. தேர்வில் தேறாமல், வேலையும் இல்லாமல், நோட்டுப் புத்தகங்களோடு அவர் அலைந்த ஆண்டுகளில் அவருடைய மேதைமைக்கு ஒரு குறையும் இல்லை. நோட்டுகளில் இருந்தவையும் அதே சூத்திரங்கள்தாம். 1910இல் அவர் திருக்கோயிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் நோட்டைக் காட்டி ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இவரைத் தாலுகா கச்சேரியில் அடைப்பது பாவம் என்று எண்ணிய ஐயர், சென்னையிலிருந்த சேஷு ஐயரிடம் கடிதத்தோடு அனுப்பி வைத்தார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ், அவர் சங்கத்தின் செயலாளர். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை. அங்கே மேலாளராக இருந்த எஸ். நாராயண ஐயர் சங்கத்தின் பொருளாளர். எங்கே திரும்பினாலும் அந்தச் சந்தாப் பட்டியலில் உள்ள ஒரு பெயர். 1911இல் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரையை, எழுதியது புரியும்படி இல்லை என்று பலமுறை திருப்பி அனுப்பி, திருத்த வைத்து, அதன் பிறகே நாராயணய்யங்கார் அச்சேற்றினார். ஹார்டிக்கு 1913 ஜனவரியில் கடிதம் போனபோது அதை எழுதியவர் வெறும் நோட்டுப்புத்தகக்காரர் இல்லை. தன் எண்ணத்தை இன்னொருவருக்கு விளங்கும்படி எழுத இரண்டாண்டு பழகியவர். மேதையைச் சங்கம் உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. வாசகரை உண்டாக்கிக் கொடுத்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது. கேள்விப் பக்கம் என்பது புதிர்ப் பக்கம். அது கேம்பிரிட்ஜ் தேர்வுக் கணக்குகளின் எச்சம். முக்கோணத்தையும் வட்டத்தையும் வைத்து வித்தை காட்டுவதை அது வளர்த்தது. உண்மையான ஆராய்ச்சிக்கு அதனால் கெடுதல்தான் என்பது அந்த மறுப்பு. பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆரம்ப ஆண்டுகளின் இதழ்களில் வடிவியல் கணக்குகள் நிறையவே உண்டு. ஐரோப்பாவில் அப்போது பெருகிக்கொண்டிருந்த புதிய சிந்தனைகளின் வாசம் அவற்றில் குறைவு. ஆனால் அந்தப் பக்கத்தின் கொள்ளளவை அதில் நிரம்பியிருந்த சரக்கை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. 1913இல் 464ஆம் கேள்வி வந்தது. 2-ஐ அடுக்கிக்கொண்டு போய் 7-ஐக் கழித்தால் சில இடங்களில் முழு வர்க்கம் கிடைக்கிறது: மூன்றாம் அடுக்கில் 1, நான்காவதில் 9, ஐந்தாவதில் 25, ஏழாவதில் 121. பிறகு நீண்ட வறட்சி. பதினைந்தாம் அடுக்கில் 32,768. அதில் 7 போனால் 32,761, அது 181-இன் வர்க்கம். இவை போக வேறு உண்டா என்று ராமானுஜன் கேட்டிருந்தார். காகிதமும் பென்சிலும் உள்ள எந்த மாணவனும் அரை மணியில் கேள்வியைப் புரிந்துகொள்ளலாம். நிரூபணமோ யாரிடமும் இல்லை. 1943இல் நார்வேயில் லுங்கிரென் அதே கேள்வியைத் தனியே எழுப்பினார். 1948இல் டிரிக்வே நாகெல் வேறெதுவும் இல்லை என்று நிறுவினார். இன்று ராமானுஜன்-நாகெல் சமன்பாடு என்றே அதற்குப் பெயர். ஒரு மன்றத்தின் புதிர்ப் பக்கத்தில் முப்பத்தைந்து ஆண்டு திறந்து கிடந்த கேள்வி அது. புதிருக்கும் ஆய்வுக்கும் நடுவில் சுவர் இருப்பதாக நினைப்பவர்கள் இந்தக் கேள்வியை எந்தப் பக்கத்தில் நிறுத்துவார்கள்?

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புதல்தான் இருக்கிறது. பட்டம், பதவி பார்க்காத பக்கம் என்று மேலே எழுதினேன். விடையைப் பொறுத்தவரை அது மெய். ஆனால் அந்தப் பக்கம் கைக்கு வந்து சேர ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், சந்தா கட்ட முடிய வேண்டும், உறுப்பினர் ஒருவரையாவது அறிந்திருக்க வேண்டும். மேலே வந்த பெயர்களைத் திரும்பப் படித்தாலே போதும்: பெரும்பாலும் ஒரே சமூகத்து ஆண்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள். பெண் பெயர் ஒன்றும் இல்லை. மாணவர்களும் அதில் விருந்தாளிகளே. கேம்பிரிட்ஜிலும் பெர்லினிலும் மாணவர்களே வைத்து நடத்திய காரியத்தை இங்கே பெரியவர்கள் நடத்தினார்கள். செங்கோட்டைப் பக்கத்து வல்லத்திலிருந்து புறப்பட்டு, சென்னையில் ஆய்வு செய்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 1930களில் எண் கோட்பாட்டின் வாரிங் சிக்கலில் உலகின் முன்வரிசைக்குப் போன எஸ்.எஸ். பிள்ளையைப் போன்றவர்கள் அந்த வட்டம் கொஞ்சம் விரிந்ததற்குச் சாட்சி. ஆனால் கொஞ்சம்தான்.

மாணவர்களுக்கு இடம் வேண்டும் என்பதைச் சங்கமே உணர்ந்திருக்க வேண்டும். 1933இல் 'தி மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்' என்ற இரண்டாவது இதழைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஏ. நரசிங்க ராவ் அதன் முதல் ஆசிரியர். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஓர் இதழ், கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இன்னொன்று என்று பங்கு பிரிந்தது. நிர்வாகக் கண்ணில் இது நியாயமான ஏற்பாடு. ஐரோப்பாவில் ஆய்விதழ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது அதற்குள் இங்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் இதில் ஓர் இழப்பு உண்டு என்றே நினைக்கிறேன். பழைய இதழில் பெர்னூலி எண்களும் கேள்வி எண் 289-ம் ஒரே அட்டைக்குள் கிடந்தன. கேள்விக்காகப் பிரித்தவன் கட்டுரையையும் பார்த்தான். கட்டுரை எழுதியவர் கேள்விக்கும் விடை யோசித்தார். ஒரே கூடத்தில் சாப்பிட்டவர்களுக்குப் பிள்ளைகள் பந்தி, பெரியவர்கள் பந்தி என்று இரண்டு இலை வரிசை போட்டதும், பெரியவர்கள் பேச்சு பிள்ளைகள் காதில் விழுவது நின்றது. கேள்வி கேட்பது படிக்கிற காலத்துப் பழக்கம், வளர்ந்தவர்கள் முடிவுகளை மட்டுமே அச்சிடுவார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்தது.

அதன் பிறகும் சென்னையில் வாசலுக்கு வெளியேதான் முதலில் கூட்டம் கூடியது. எலி கார்த்தானிடம் பயின்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் சார்லஸ் ரசீன் 1937இல் திருச்சிக்கு வந்து, 1939இல் லயோலா கல்லூரியில் சேர்ந்தார். பாடத்திட்டத்தில் இல்லாத புதிய பிரெஞ்சுக் கணிதத்தை ஆர்வமுள்ள மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தி, அவர்களைப் பம்பாயின் டாட்டா ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினார். சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் 1953இல் அங்கே போனது அப்படித்தான். மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில், அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் 'ஏகாம்ர நிவாஸ்' இல்லத்தில் அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் மாணவர்களை வைத்து நடத்திய கருத்தரங்கு இயற்பியலுக்கு உரியது. ஆனால் கதை அதேதான். 1960இல் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்து, மாணவர் குழுவைப் பற்றி நல்ல சொல் சொன்னார். விஷயம் நேருவரை போயிற்று. 1962 ஜனவரி 3ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் திறந்தது. வீட்டுக்கூடம் முதலில், அரசு ஆணை பிறகு.

இவை பேர்பெற்ற கதைகள். அதிகம் பேசப்படாத ஒன்று ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர் பி.கே. சீனிவாசன். எண்களோடு விளையாடுவது, கணிதக் கண்காட்சி போடுவது, பிள்ளைகளையே கேள்வி தயாரிக்க வைப்பது என்று வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய பள்ளியில் 'நம்பர் பிரெண்ட்ஸ் சொசைட்டி' என்று ஒரு மன்றம் இருந்தது. எண்களின் நண்பர்கள் என்று பெயர். ராமானுஜனை நேரில் அறிந்தவர்கள் வயதாகி ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களிடம் இருந்த கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் சீனிவாசன் தேடித் திரட்டினார். 1968இல் அது ராமானுஜன் நினைவு மலராக இரண்டு தொகுதிகளில் வெளியானது. இன்று ராமானுஜன் வாழ்க்கையை எழுதப் புகும் யாரும் அந்த மலரைத் தாண்டிப் போக முடியாது. அட்டையில் பதிப்பாளர் என்று இருப்பது எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை: முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி, எண்களின் நண்பர்கள் மன்றம், பழைய மாணவர் குழு.